அடிப்பலகை இல்லாத அலமாரி

"இதனால் இவ்வீட்டில் குடிக்கும், குளிக்கும், துவைக்கும், பல் துலக்கும் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தண்ணீர்க் கட்டணம் ஐந்தாவது முறையாக ஏறிவிட்டபடியால், இன்று மாலை ஆறு மணி முதல் இவ்வீட்டில் தண்ணீர் அவசரநிலை அமலுக்கு வருகிறது."

அறிவிப்பு எண் நான்கு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. கீழே கையொப்பம், தேதி, வட்ட முத்திரை. முத்திரை என்பது இருமல் மருந்து பாட்டிலின் மூடியை மையில் தோய்த்து வைத்தது.

வீட்டில் மொத்தம் மூன்று பேர். அறிவிப்பை எழுதிய அப்பா ஒருவர். அவர் அலுவலகத்தில் நான்கு பேருக்கு மேலதிகாரி. அந்த நான்கு பேர் போதாமல் வீட்டிலும் அறிவிப்பு எழுதினார். அடுத்தது அம்மா. அவர் மருந்துக்கடையில் நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பவர். வீட்டுக்கு வந்தும் யாருடைய கையெழுத்தையும் படிக்கமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது சுண்டு. வயது ஒன்பது. வகுப்புப் படத்தில் எப்போதும் முதல் வரிசை. ஒருமுறை படம் எடுப்பவர், "பாப்பா, எழுந்து நில்லும்மா" என்றார். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

சுண்டு அறிவிப்பை முழுவதும் படித்தாள். ஆளுக்கு ஆறு குவளையில் குளியல், பல் துலக்க அரைக் குவளை, அதெல்லாம் பரவாயில்லை. கடைசி வரிதான் புரியவில்லை.

"விருந்தினர் வருகை, மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறது."

"அம்மா, அப்படீன்னா என்ன?"

அம்மா வந்து அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இந்த லீவுக்கு அத்தை வீட்டுல இருந்து வரவேண்டாம்னு அர்த்தம்."

சுண்டு அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

அப்பா ஒரு கட்டம் போட்ட தாளோடு வந்தார். அதில் சிவப்புக்கோடு ஒன்று மாடிப்படி போல ஏறிக்கொண்டே போனது.

"பாருங்க. பில் எப்போ ஏற ஆரம்பிச்சது? போன லீவுக்கு அப்புறம். போன லீவுக்கு யார் வந்தாங்க? எங்க அக்காவும் அவங்க பிள்ளைங்களும். கணக்கு சரியா வருதா?"

"அவங்க ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னுமா நம்ம வீட்டுல குளிச்சிட்டிருக்காங்க?" என்றார் அம்மா.

"பழக்கம்! ரப்பர் குழாய்ல குளிக்கிற பழக்கத்தை இங்க விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தப் பழக்கம்தான் தண்ணியைக் குடிக்குது."

சுண்டு சுவரைப் பார்த்தாள். அந்த ரப்பர் குழாய் சுருட்டி, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக அதை யாரும் தொட்டதே இல்லை. அதன்மேல் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஒன்பது வயதுதான் என்றாலும் சுண்டுவுக்கும் ஓர் 'அந்தக் காலம்' இருந்தது. அது போன வருடம்.

அந்தக் காலத்தில் அத்தை வந்திருந்தார். அத்தையின் மகள் நெட்டையும் மகன் வாலுவும் வந்திருந்தார்கள். நெட்டைக்குப் பதின்மூன்று வயது, வாலுவுக்கு ஆறு. இரவில் எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். யாருடைய கால் யார் மேல் கிடக்கிறது என்று காலையில்தான் தெரியும். பதினொரு மணிக்கு வாசலில் வெயில் ஏறியதும் ரப்பர் குழாய் வெளியே வரும். தரை சூடாக இருக்கும். முதலில் விழும் தண்ணீர் ஆவியாகி, நனைந்த தரையிலிருந்து ஒரு வாசம் எழும். சுண்டுவுக்கு அந்த வாசத்துக்குப் பெயர் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அதுதான் லீவின் வாசம்.

அந்தக் காலத்தில்தான் அப்பா செருப்பு அலமாரியும் செய்தார்.

"வாசலில் பதினோரு ஜோடி செருப்பு கிடப்பது கௌரவக் குறைவு" என்று அறிவித்துவிட்டுப் பலகை வாங்கிவந்தார். அளவெடுத்தார். இரண்டாம் முறையும் அளவெடுத்தார். இரண்டு அளவும் வேறு வேறாக இருந்தன. சமாதானமாக நடுவில் ஓர் அளவை எடுத்துக்கொண்டு அறுத்துவிட்டார். அதனால் கதவில் இரண்டு பலகைகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சந்து.

"அது காற்றோட்டம்" என்றார் அப்பா.

அடிப்பலகைக்கு மரமே மிஞ்சவில்லை.

"தரைதான் இருக்கே. தரைக்கு மேல இன்னொரு தரை எதுக்கு?" என்றார் அப்பா.

பிள்ளைகள் பச்சைச் சாயம் பூசினார்கள். கதவின் உள்பக்கம் மூன்று பேரும் கையைத் தோய்த்துப் பதித்தார்கள். பெரிய கை, நடுத்தரக் கை, சின்னக் கை. நடுத்தரக் கை சுண்டுவுடையது அல்ல. ஆறு வயது வாலுவின் கையே அவளுடையதைவிடப் பெரியது.

"டேய் தம்பி, இது இடப்பக்கம் சாயுதேடா" என்றார் அத்தை.

"சாயல அக்கா. அது ஸ்டைல்."

"எதுக்கும் அது விழுறதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடறேன்."

வாசல் தரையில் துருப்பிடித்த இரும்பு மூடி ஒன்று இருந்தது. அலமாரியைச் சரியாக அதன்மேல் நிறுத்தி, பதினோரு ஆணிகளால் சுவரோடு அடித்தார் அப்பா. "அந்த அசிங்கமான மூடியும் மறைஞ்சிடுச்சு பாருங்க!" என்று இரண்டடி பின்னால் நகர்ந்து ரசித்தார்.

அலமாரியின் கதவைத் திறப்பதற்குள் பள்ளிப் பேருந்து போய்விடும். அதனால் தினமும் போடும் செருப்புகள் பழையபடி வெளியேதான் கிடந்தன. போடாத செருப்புகள் மட்டும் அலமாரிக்குள் பாதுகாப்பாக இருந்தன.

*

அவசரநிலை தொடங்கியது. குளியலறை வாசலில் அப்பா நின்றுகொண்டு, தண்ணீர் விழும் சத்தத்தை வைத்து எண்ணினார்.

"நாலு... அஞ்சு... சுண்டு, இப்போ ஊத்தினது ஏழாவதா?"

"இல்லப்பா, சோப்பு கீழ விழுந்துச்சு."

ஆறாவது குவளை முடிந்தும் அம்மாவின் தலையில் நுரை போகவில்லை. அம்மா தலையில் நுரையோடு வெளியே வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அப்பாவே எழுந்து போய் ஒரு வாளி நிரப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை அத்தையின் தொலைபேசி அழைப்பு வந்தது. அப்பா இரண்டு முறை செருமிவிட்டு, கட்டணம், கோடு, ஒத்திவைப்பு எல்லாவற்றையும் விளக்கினார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"தண்ணிக்கா கணக்கு பார்க்கிற? சின்ன வயசுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாளி. ஞாபகம் இருக்காடா? நீ முதல்ல குளிச்சிட்டு எனக்கு அடியில நாலு குவளை வைப்ப. நான் ஒரு நாளாவது அறிவிப்பு ஒட்டினேனா?"

அப்பா தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"சரி விடு. பில்லு குறைஞ்சதும் சொல்லு" என்றார் அத்தை. குரல் வழக்கமான அத்தை குரலாக இல்லை.

அத்தைக்குப் பின்னாலிருந்து வாலு கத்தினான். "சுண்டு! என் செருப்பு நல்லா இருக்கா?"

போன வருடம் அவன் ஒற்றைச் செருப்பை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தான். ஒற்றை அங்கே, ஒற்றை இங்கே. திரும்பி வந்து ஜோடி சேர்ப்பதாக ஏற்பாடு.

"நல்லா இருக்குடா" என்று அப்பா கையிலிருந்த தொலைபேசிக்குள் சொன்னாள் சுண்டு.

இனி அவன் எப்போது வருவான் என்று யாருக்குத் தெரியும்? செருப்பையாவது தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். அலமாரிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் கதவு திறந்தது. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

கதவுக்கு நேர் உள்ளே வாலுவின் நீலச் செருப்பு கிடந்தது. அதன்மேலும் பக்கத்திலும் மஞ்சள் சீட்டுகள். எண்ணினாள். ஐந்து.

ஐந்திலும் ஒரே வாசகம். "மீட்டரைப் பார்க்க முடியவில்லை. உத்தேசமாகக் கட்டணம் போடப்படும்." கடைசிச் சீட்டில் அடுத்து வரும் தேதியும் இருந்தது. வெள்ளிக்கிழமை.

சுண்டு சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, உத்தேசம்னா?"

"குத்துமதிப்பா."

"பார்க்காமலேயா?"

"பார்க்காமலேதான். ஏன் கேக்குற?"

அம்மா சீட்டுகளைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கோப்பிலிருந்து பில்களை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் எறும்பளவு எழுத்தில் 'உத்தேசம்' என்று இருந்தது. ஊரையே அறிவிப்பு படிக்கச் சொல்லும் அப்பா, அடுத்தவர் எழுதியதில் பெரிய எழுத்தை மட்டும்தான் படித்திருந்தார்.

"அப்போ அந்த இரும்பு மூடி..." என்றாள் சுண்டு.

"அதுக்குள்ளதான் மீட்டர்!"

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷமா பார்க்காமலே ஏத்திட்டிருக்காங்க. இங்க இந்த மனுஷன் குவளையை எண்ணிட்டிருக்காரு! வரட்டும், இன்னைக்கு நான் ஒரு அறிவிப்பு ஒட்டுறேன்."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"அப்பா உடனே அலமாரியை உடைச்சிடுவாரு. அப்புறம் யாரும் பார்க்காதப்போ அழுவாரு."

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

"பதினோரு ஆணி, சுண்டு. நகர்த்தினா சுவரும் கூடவே வரும். வேற என்ன பண்ணுவ?"

"நகர்த்தவே வேண்டாம்மா. அதுக்குத்தான் அடியில பலகையே இல்லையே!"

*

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மீட்டர் பார்க்கும் அக்கா வந்தார். தலையில் தொப்பி, கையில் சின்ன இயந்திரம். அலமாரியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மஞ்சள் சீட்டு எழுதினார், கதவின் சந்துக்குள் போட்டார். எல்லாம் கால் நிமிடம்.

"அக்கா, ஏன் அதுக்குள்ள போடறீங்க?" பள்ளிக்கு லீவு விட்டுவிட்டதால் வாசலில் காத்திருந்த சுண்டு கேட்டாள்.

"இது தபால் பெட்டி இல்லையா?"

"செருப்பு அலமாரி."

"அப்படியா!" அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்படிச் சாய்த்தால் அலமாரி நேராகத் தெரிந்தது. "நான் இத்தனை நாளா, யாரோ தபால் பெட்டியைப் பெரிசாப் பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அக்கா, நான் உள்ள போய் மீட்டரைப் பார்த்து நம்பர் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நான் எழுத முடியாது, பாப்பா. என் கண்ணால பார்க்கணும். அதான் விதி."

"அப்போ நீங்க தலையை மட்டும் உள்ள விடுங்க. மூடியை நான் தூக்கறேன்."

அக்கா இயந்திரத்தைப் பார்த்தார். சுண்டுவின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

அன்று கடைக்கு விடுப்பு சொல்லியிருந்த அம்மா டார்ச் விளக்கும் ஒரு பழைய கரண்டியும் கொண்டுவந்தார். செருப்புகள் வெளியே வந்தன. சுண்டு உள்ளே போனாள். வகுப்பில் வேறு யாராலும் முடியாத காரியம் அது. கரண்டிக் காம்பை மூடியின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள்.

சரியாக அந்த நேரத்தில்தான், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போன அப்பா அதை எடுக்கத் திரும்பி வந்தார். அவருக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. அந்த மங்கலுக்குள், தன் அலமாரியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"யாரது! வெளிய வா! என் செருப்பையா திருடற?"

"தண்ணி மீட்டர், சார்!" என்றது அலமாரி.

"அப்பா, சத்தம் போடாதீங்க, அக்கா நம்பர் எழுதறாங்க!" என்றது அலமாரியின் இன்னொரு குரல்.

அக்கா தலையில் சிலந்திவலையோடு வெளியே வந்தார். இயந்திரத்தைத் தட்டினார். புருவம் உயர்ந்தது.

"சார், நீங்க செலவழிச்சது ரொம்பக் கம்மி. ஒரு வருஷமா அதிகமாக் கட்டியிருக்கீங்க. வர்ற பில்லுல கழிச்சிடுவாங்க. மேல பெட்டியை வச்சிட்டீங்களே, அதான் பார்க்க முடியல."

மீட்டர் அக்கா போய்விட்டார். அப்பா படியில் உட்கார்ந்தார். திறந்து கிடந்த கதவில் மூன்று பச்சைக் கைகள் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பில்லை ஏத்தினது நான்தானா?" அறிவிப்புக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "எங்க அக்காவை வேற வரவேண்டாம்னு சொல்லிட்டேனே."

சுண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கை முழுக்கத் துரு.

"நல்லவேளைப்பா, நீங்க அடிப்பலகை வைக்காம விட்டீங்க. வச்சிருந்தா மீட்டரை இன்னைக்கும் பார்த்திருக்க முடியாது."

அப்பா யோசித்தார். மெல்ல முதுகு நிமிர்ந்தது.

"அது... ஒரு முன்யோசனையோடதான் விட்டேன்."

அம்மாவுக்குப் பயங்கரமாக இருமல் வந்தது.

இரவு வரை காத்திருக்காமல் அப்பா உடனே தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, கிளம்பி வாங்க."

"பில்லு குறைஞ்சிடுச்சா? எப்படிடா?"

"எல்லாம் நிர்வாகத் திறமைதான். வாலுகிட்ட செருப்பைக் கொண்டுவரச் சொல்லுங்க."

*

அடுத்த வாரம் வாசலில் பதினோரு ஜோடி செருப்புகள் கிடந்தன. வாலுவின் நீலச் செருப்பும் ஜோடி சேர்ந்து கிடந்தது. இரண்டுமே அவனுக்கு இப்போது சின்னதாகிவிட்டிருந்தன; சுண்டுவுக்குச் சரியாக இருந்தன.

பதினொரு மணிக்கு வெயில் ஏறியது. சிலந்திக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, ரப்பர் குழாயை எடுத்தார்கள். சூடான தரையில் முதல் தண்ணீர் விழுந்தது. அந்த வாசம் எழுந்தது. சுண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா கையில் ஒரு தாளோடு வாசலுக்கு வந்தார்.

"அறிவிப்பு எண் ஐந்து! இதனால் சகலருக்கும்..."

வாலு என்ன விஷயம் என்று கேட்கத் திரும்பினான். அவன் கையிலிருந்த குழாயும் சேர்ந்து திரும்பியது.

தாளிலிருந்து மை ஒழுகியது. அப்பாவின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"டேய் தம்பி, அடியில எனக்கு நாலு குவளையாவது வைப்பியா?" என்றார் அத்தை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி அலமாரியின் மேல் வைத்தார். அது இடப்பக்கமாக வழுக்கிக் கீழே விழுவதற்குள் சுண்டு பிடித்தாள். அப்பா வாலுவின் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினார்.

அந்த மாதம், கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகும், தண்ணீர் பில் ஏறியது. இந்த முறை மீட்டரைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள்.