தலை போன பனை

1944, மாசி. செவ்வாய்க்கிழமை, காலை 7.10.

சின்னாச்சியின் வீட்டு வளவில் பிணம் நின்றுகொண்டிருந்தது. உயரம் தொண்ணூறு அடி. தலையைக் காணவில்லை.

"ஐயோ, என்ரை பனை!" என்று அவள் வைத்த குரலுக்கு அயல் முழுவதும் வேலிக்கு வந்துவிட்டது. அரை மைல் தூரத்தில், வெள்ளைக்காரனின் புதிய விமானத்தளத்தில், ஒரு விமானம் சக்கரம் முறிந்து சரிந்து கிடந்தது. மற்றச் சக்கரத்தில் பனையோலை.

விமானப்படை பொலிசைக் கூப்பிடவில்லை. சின்னாச்சிதான் கூப்பிட்டாள். சார்ஜன்ட் ஏரம்பு சைக்கிளில் வந்தார். பண்டிதர் பரீட்சையில் இரண்டு முறை தவறி, கோபத்தில் பொலிசில் சேர்ந்தவர்.

"ஆர் வெட்டினது எண்டு எனக்குத் தெரியவேணும்," என்றாள் சின்னாச்சி.

"கண்டுபிடிச்சுத் தாறன், அக்கை."

காலை 9.30. தளத்தில் ஆளைப் பிடித்தே விட்டிருந்தார்கள். ரேடியோ அறையில் வேலை பார்த்த செல்வரட்ணம், அரியாலைப் பெடியன், கம்பிக்குப் பின்னால் இருந்தான்.

ஹார்ட்லி துரை தீர்ப்பையும் தயாராக வைத்திருந்தார். அவர்தான் விமானங்களுக்கு உயரம் சொல்லும் அதிகாரி. அவருடைய மீசைக்கே தனியாக ஒரு பதவி கொடுக்கலாம்.

"இரண்டாயிரத்து நூறு அடிக்கு இறங்கச் சொல் என்றேன். இவன் நூறு அடி என்று உளறிவிட்டான். இவர்களுடைய இங்கிலீஷ் அப்படி."

"நீங்கள் எங்கே நின்றீர்கள், துரை?"

"ஜன்னலடியில்."

பதிவுப் புத்தகத்தில் 6.40க்கு நேரே 2100 என்றுதான் இருந்தது. எழுத்து செல்வரட்ணத்தினுடையது. ஏரம்பு அவனிடம் போனார்.

"எத்தினை மணியிலையிருந்து வேலை, தம்பி?"

"சிக்ஸ் டு டூ, அண்ணை."

ஏரம்புவின் புருவம் சற்றே உயர்ந்தது. "ரேடியோவிலை ஆர் கதைச்சது?"

"துரைதான். நான் அவருக்குத் தேத்தண்ணி எடுக்கப் போனனான். வந்தாப் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினனான். ஆர் நம்பப் போகினம்? ராணுவச் சிறை எண்டு சொல்லுகினம், அண்ணை. அம்மா தனிய."

காலை 11.00. ஆஸ்பத்திரியில் விமானி மார்ட்டின், கை கட்டுப்போட்டபடி.

"ரேடியோவில் கேட்டது யார் குரல்?"

"தெரியாது. ஒரே கரகரப்பு. நூறு அடிக்கு இறங்கு என்று கேட்டது. கீழே மூடுபனி. கடலுக்கு மேலே நிற்கிறேன் என்று நினைத்தேன். கடலில் நூறு அடி எங்களுக்குப் புதிதல்ல."

"திருப்பிச் சொன்னீர்களா?"

"சொன்னேன். 'ரைட்' என்றார்கள்."

ஏரம்பு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சொன்னவர் 2100 என்கிறார். கேட்டவர் 100 என்கிறார். திருப்பிச் சொன்னபோதும் பிழை பிடிபடவில்லை.

வியாழக்கிழமை, பகல் 1.30. கொழும்பிலிருந்து ஒரு பெரிய துரை வந்து விசாரணை நடத்தினார். பனையின் உயரத்தைச் சொல்ல மட்டும் ஏரம்பு அழைக்கப்பட்டார்.

தொண்ணூறு அடி என்று சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. ஆண் பனை, பெண் பனை, வடலி, நுங்கு, ஒடியல் என்று தமது இங்கிலீஷில் இருபத்தெட்டு நிமிடம் விளக்கினார். பெரிய துரை கொட்டாவி விட்டார். ஹார்ட்லி கடிகாரத்தைப் பார்த்தார். ஏரம்பு காத்திருந்ததும் அதற்குத்தான்.

"இப்போது நேரம் என்ன, துரை?"

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"டூ டூ டூ," என்றார் ஹார்ட்லி.

மூலையில் தலை குனிந்திருந்த மார்ட்டின் நிமிர்ந்து பார்த்தான்.

"தம்பி, நீர் சொல்லும்," என்றார் ஏரம்பு, காவலில் நின்ற பெடியனிடம்.

"டூ டு டூ, சேர்," என்றான் செல்வரட்ணம். ஒவ்வொன்றும் தனித்தனியே விழுந்தது.

ஏரம்பு பெரிய துரையின் பக்கம் திரும்பினார். "ஐயா, இரண்டு என்பது டூ. 'மணிக்கு', 'அடிக்கு' என்று வருகிற 'கு' உங்கள் மொழியில் டு. எங்களுக்கு ஒன்று நெடில், மற்றது குறில். முதலாம் வகுப்பிலே காதைத் திருகி ஏற்றிவிடுவார்கள். சாகும்வரை இறங்காது. இவன் பேசியிருந்தால் 'கம் டவுன் டு டூ வன் ஹன்ட்ரட்' என்று இரண்டும் கேட்டிருக்கும். துரையின் வாயில் இரண்டும் டூ; ரேடியோக் கரகரப்பில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். விமானி கேட்டது எத்தனை?"

"ஒன்றுதான்," என்றான் மார்ட்டின். "அதை டு என்று எடுத்து, நூறு அடிக்கு என்று நினைத்தேன். அப்படியே திருப்பியும் சொன்னேன்."

"அதை இவன் கேட்டிருந்தால், 'டூ' எங்கே என்று கேட்டிருப்பான். ஒன்றை மற்றதாகக் கேட்டு 'ரைட்' சொல்ல, இரண்டும் ஒரே ஓசையாக விழுகிற காது வேண்டும். ரேடியோ அறையில் அன்று இருந்த காதுகள் இரண்டு சோடிதான், ஐயா."

ஹார்ட்லியின் மீசை இலேசாக ஆடியது.

"ஹார்ட்லி," என்றார் பெரிய துரை, "யார் பேசியது?"

ஹார்ட்லி மேசையைப் பார்த்தபடி சொன்னார். "அவன் தேநீருக்குப் போயிருந்தான்."

மார்ட்டின் எழுந்து, நல்ல கையை முதலில் செல்வரட்ணத்திடம் நீட்டினான், பிறகு ஏரம்புவிடம். பெரிய துரை எழுந்து நின்று சலாம் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பொலிஸ்காரனுக்கு அப்படி ஒரு சலாம் கிடைத்ததை அந்த அறையில் எவரும் அதற்குமுன் கண்டதில்லை.

மாலை 5.00. சைக்கிளின் பின்னால் செல்வரட்ணத்தை ஏற்றிக்கொண்டு ஏரம்பு சின்னாச்சியின் வேலிப் படலையடியில் இறங்கினார்.

"பிடிச்சிட்டியளோ?"

"ஓம் அக்கை. உங்கடை பனையின்ரை தலையை எடுத்தது ஒரு குறில்."

சின்னாச்சி கையை இடுப்பில் வைத்தாள்.

"குறிலோ? உவன் எந்த ஊரான்?"