முன் இருக்கைக்கு அடியில்

பையின் எடை கூடியிருந்தது.

விமானத்தின் வாசலில் வரிசை நகரக் காத்து நின்றபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பூனைப் பையை ஒரு கையில் தொங்கவிட்டபடி மாடிப்படி இறங்கியவள் அவள். பயணச்சீட்டு கவுன்டரில் தராசில் வைத்துப் பார்த்தார்கள். பையும் பூனையும் சேர்ந்து அனுமதித்த எடைக்குள் அடங்கின, ஒட்டுச்சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து பாதுகாப்புச் சோதனை. பிராணியைக் கையில் தூக்கிக்கொண்டு உலோகச் சோதனை வளைவுக்குள் நடக்க வேண்டும், காலிப் பை மட்டும் எந்திரத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. தூக்கினாள். பாதித் தூக்கத்தில் இருந்த பூனை ஈரத்துணி மாதிரி அவள் தோளில் தொங்கியது. பூனைதான், சந்தேகமே இல்லை. திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள். அதன் பிறகு பையை யாரும் திறக்கவில்லை.

இப்போது பட்டை தோளை அறுத்தது. முழங்காலால் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துத்தான் நகர்த்த முடிந்தது.

அசதி, என்று சொல்லிக்கொண்டாள். ராத்திரி தூங்கவில்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பூனை அவளுடையது இல்லை, மாமியாருடையது. அவளுக்குப் பூனை என்றாலே ஆகாது. ஆனாலும் ஊசி போட்டு, தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதித்து, மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, அதை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போகிறாள். கணவனிடம், "உங்க அண்ணிக்குப் பூனை முடி ஒத்துக்கல, வீட்டுல வச்சுக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லியிருந்தாள். ஓரகத்தியிடம், "அவர்தான் ஆசைப்படுறார்" என்றாள். ஓரகத்தி, "கொண்டு போ தாயே, பீடை ஒழியட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மாமியாரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

உண்மையான காரணம் இதுதான். இடுப்பு உடைந்து ஒன்பது வருடமாகக் கட்டிலில் கிடக்கும் மாமியாருக்கு இந்த உலகத்தில் பிடித்தது அந்தப் பூனை ஒன்றுதான். பூனைக்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தாள். மருமகளுக்குப் பெயர் கிடையாது. பூனையைக் கூப்பிடுவதற்கும் மருமகளைக் கூப்பிடுவதற்கும் ஒரே சத்தம்தான், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் ஒரு ச்சு. பூனை வந்தால் தடவிக் கொடுப்பாள். மருமகள் வந்தால் "தூக்கு" என்பாள். அந்த ஒரு சொல்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு. தூக்கும்போது கிழவி கழுத்தைக் கட்டிக்கொண்டு பிடரியில் விரல்களைக் கோத்துக்கொள்வாள். நகம் பதியும். வலிக்கிறது என்று தெரிந்தேதான் பதிப்பாள்.

கணவன் வெளிநாட்டிலிருந்து இரண்டு முறை விசா எடுத்து அனுப்பினான். இரண்டு முறையும் மாமியாருக்குப் பெட்டி கட்டும் நாளன்று மூச்சு முட்டியது. விசா காலாவதியான மறுநாள் மூச்சு சீராகியது. "அவ போயிட்டா என்னை யாருடா தூக்குவா?" என்று மகனிடம் போனில் அழுதவள், போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் இன்றைக்கும் நடுவில் மருமகளின் தலையில் நரை ஏறிவிட்டது.

அதனால் மூன்றாவது விசாவைப் பற்றி மூச்சு விடவில்லை. கிளம்பும் அன்று மாமியாரின் தூக்க மாத்திரை ஒன்றை இரண்டாக உடைத்தாள். பாதியைப் பாலில் கரைத்து மாமியாருக்குக் கொடுத்தாள், பாதியை மீன் துண்டுக்குள் செருகிப் பூனைக்குப் போட்டாள். பிராணிக்கு மயக்க மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது, மேலே போனால் மூச்சு நின்றுவிடும் என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். நின்றால் நிற்கட்டும் என்று நினைத்தாள். கிழவி விழித்துக் கட்டிலில் கிடந்து நாக்கைச் சொடுக்க வேண்டும், எதுவும் வரக்கூடாது. பூனையும் வரக்கூடாது, மருமகளும் வரக்கூடாது. சொடுக்கிச் சொடுக்கி நாக்கு வறள வேண்டும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளே இனித்தது.

பையை முன் இருக்கைக்கு அடியில் காலால் தள்ளினாள். போகவில்லை. குனிந்து, உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளினாள்.

"பூனையா, நாயாம்மா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மெத்தை வியாபாரி என்று உட்கார்ந்ததுமே அறிமுகம் செய்துகொண்டவர்.

"பூனைங்க."

"நல்லது. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. என் சம்சாரத்துக்கு அது மூத்த புருஷன், நான் ரெண்டாந்தாரம்."

அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

வெளியே நல்ல பகல். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனதும் பணிப்பெண்கள் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு விளக்குகளை அணைத்தார்கள், நடுப்பகலில் ஒரு இருட்டை உண்டாக்கினார்கள், அந்த இருட்டில் எந்திரத்தின் ஒரே சீரான இரைச்சலும், யாரோ போர்வையை இழுக்கும் சரசரப்பும், காற்றுக் குழாயிலிருந்து இறங்கும் உலர்ந்த குளிரும் மட்டும் மிஞ்சின. கண்ணை மூடினாள். புது வீட்டின் சமையலறையை நினைத்துப் பார்த்தாள். அவளும் அவனும் மட்டும். யாரையும் தூக்க வேண்டாம்.

முதலில் வாசனைதான் வந்தது. காபியும் பிளாஸ்டிக்கும் கலந்த விமானத்து வாசனைக்கு அடியில், தரையோடு தரையாக ஊர்ந்து, வலித் தைலம், முகப்பவுடர், மாற்றாமல் நெடுநேரம் கிடந்த ஈரத்துணி, அதற்கும் அடியில் கட்டிலோடு கட்டிலாகிப்போன ஒரு உடம்பின் புளித்த வாடை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை. தன் துணியில் ஏறி வந்திருக்கும் என்று நினைத்து முந்தானையை முகர்ந்தாள். சோப்பு மணம்தான் வந்தது. குனிந்தாள். வாசனை கூடியது.

"வயசான பூனையாம்மா?" மெத்தை வியாபாரி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஏன் கேக்குறீங்க?"

"குறட்டை விடுதே. எங்கம்மா இப்படித்தான் விடுவாங்க."

அவளும் கேட்டாள். இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல். இழுத்து, நடுவில் தடுக்கி, விசிலோடு வெளியே வரும் மூச்சு. ஒன்பது வருடம் பக்கத்து அறையில் படுத்துக் கேட்ட மூச்சு.

பூனைக்கு மாத்திரை வேலை செய்கிறது. வேறொன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் பையின் வலையைத் தொட்டுப் பார்த்தாள். வலை உள்ளிருந்து புடைத்திருந்தது. பூனையின் உடம்பு மெத்தென்று இருக்கும், சூடாக இருக்கும். இது எலும்பு. குளிர்ந்த எலும்பு.

குறட்டை நின்றது.

அவள் காலை இழுத்துக்கொள்வதற்குள் வலையிலிருந்து ஏதோ ஒன்று அவள் புடவைக் கரையைக் கொக்கி போட்டுப் பிடித்தது. நகம். பூனை நகம்தான். பூனை நகம் வளைந்திருக்கும். இது தட்டையாக இருந்தது.

"சும்மா கிடங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அந்த 'ங்க'வைக் கவனித்தாள்.

ச்சு, என்றது பை.

அதன் பிறகு அவள் குனியவில்லை. இரண்டு காலையும் இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, மறைப்பின் விளிம்பில் கசியும் வெயில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ச்சு. சற்று நேரம் கழித்து ச்சு. பொறுமையாக. எங்கே போய்விடப் போகிறாள் என்று தெரிந்த பொறுமை.

நடுவழி விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பையை விட்டுவிட்டுப் போனால் என்ன. பணிப்பெண் சிரித்த முகத்தோடு வந்து குனிந்து பையை எடுத்தாள். இரண்டு விரலால் எடுத்தாள்.

"மறந்துட்டீங்களே மேடம்."

கைக்கு வந்ததும் தோள் இறங்கியது. கிழவியின் எடை அவள் தோளுக்குத் தெரியும். இதுதான் அது.

பயணிகள் காத்திருக்கும் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது போன் அடித்தது. ஓரகத்தி.

"எங்க இருக்கம்மா?"

"நடுவழில இறங்கியிருக்கேன்க்கா. இன்னொன்னு ஏறணும்."

"நீ பூனையைக் கொண்டு போகலையா?"

"கொண்டு வந்திருக்கேனே."

"என்னத்தைக் கொண்டு போன? இங்க கட்டில்ல படுத்துத் தூங்குது. எழுப்புனா எழுந்திருக்க மாட்டேங்குது, மூச்சு மட்டும் இருக்கு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும். அத்தையைக் காணோம்." ஓரகத்தியின் குரல் உடைந்தது. "கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்துச்சு. உன் மச்சாண்டார்தான் உடைச்சு உள்ள போனார். இடுப்பு உடைஞ்ச மனுஷி, எழுந்து உட்காரவே ஆள் வேணும். யாரு தூக்கிட்டுப் போயிருப்பா, சொல்லு?"

தோளில் பட்டை ஒரு முறை அசைந்தது. உள்ளே யாரோ வசதியாகத் திரும்பிப் படுத்தார்கள்.

போனை வைத்தாள். நடந்தாள். பெண்கள் கழிப்பறைக்குள் போய், கடைசி அறையில், மூடியின் மேல் பையை இறக்கி வைத்தாள். அதைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள். கை கழுவாமல் வெளியே வந்து வேகமாக நடந்தாள். பாதி ஓட்டம். கடைகளின் வெளிச்சம், வாசனைத் திரவியம், பெட்டி உருட்டும் சத்தம், மனிதர்கள். வெறும் தோள். எவ்வளவு லேசான தோள்.

"அம்மா. ஏம்மா."

துப்புரவுக்காரப் பெண் பின்னால் ஓடி வந்தாள். சுண்டு விரலில் பை.

"இப்படியா விட்டுட்டுப் போவீங்க. ஒரே அழுகை."

"அழுகையா?"

"அழுகைன்னா, ஒரு மாதிரி நாக்கைச் சொடுக்குற சத்தம். பாவம், ஏக்கம் போல. பஞ்சு மாதிரி இருக்கு, ஏதாச்சும் சாப்பிடக் குடுங்க."

பட்டையை அந்தப் பெண்ணே அவள் தோளில் மாட்டிவிட்டாள். சத்தம் நின்றது.

அடுத்த விமானத்துக்குப் போகும் வழியில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை. வரிசை அவளைத் தள்ளிக்கொண்டு போனது. முன்னால் ஆள், பின்னால் ஆள், இரண்டு பக்கமும் நாடா. திரும்ப வழியில்லை.

நகரும் பட்டையின் மேல் பையை வைத்தாள். காவலாளி சான்றிதழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பூனையைக் கையில தூக்கிக்குங்க. பை மட்டும் உள்ள போகட்டும்."

"முடியாதுங்க."

"என்னம்மா முடியாது?"

"நீங்க திறந்து பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

அவர் ஜிப்பை இழுத்துக் குனிந்து பார்த்தார். கடுகடுப்பான முகம் இளகியது.

"அட, தூங்குமூஞ்சி. தூக்குங்கம்மா, பின்னாடி கூட்டம் நிக்குது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள்.

ரோமம் இல்லை.

தோல். தளர்ந்த, பவுடர் பூசிய, எலும்பின் மேல் வழுக்கும் தோல். கைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒன்று அக்குளுக்கு அடியில் போனது. ஒன்று முழங்காலுக்கு அடியில். ஒன்பது வருடப் பழக்கம். இடுப்பு வளைந்தது. மூச்சைப் பிடித்தாள். தூக்கினாள்.

இரண்டு குளிர்ந்த கைகள் கழுத்தைச் சுற்றி வந்தன. பிடரியில் விரல்கள் கோத்துக்கொண்டன.

நகம் பதிந்தது.

காவலாளி ஒரு கருவியை அவள் தோளுக்கு மேல் காட்டினார். கருவி சிணுங்கியது. "சில்லு எண் சரியா இருக்கு" என்றார். காகிதமும் பூனை என்றது, கருவியும் பூனை என்றது. வரிசையில் நின்ற ஒரு குழந்தை கையை நீட்டித் தடவப் பார்த்தது.

"நல்லா ஒட்டிக்கிச்சு," என்றார் காவலாளி. "கீழ விட்டுடாதீங்க."

வளைவைக் கடந்தாள். அது சத்தம் போடவில்லை. எந்திரத்தின் மறுமுனையில் காலிப் பை வந்து நின்றது. அதைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டாள். அப்பால் நீளமான நடைபாதை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கடைசியில் அவனிடம் கொண்டு சேர்க்கும் விமானத்தின் வாசல். நடந்தாள். முதுகு கூனி, ஒவ்வொரு அடியாக.

கண்ணாடியில் அவள் பிம்பம் கூடவே நடந்து வந்தது. அவள் தோளின் மேல் ஒரு வெள்ளைக் கொண்டை. இரண்டு மெலிந்த கால்கள் அவள் முழங்காலுக்கும் கீழே, தரையைத் தொட்டும் தொடாமலும், செருப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் கொண்டை மெல்லத் திரும்பியது.

சிரித்தது.

பிறகு, ஈரமான வாய் அவள் காதோடு வந்து ஒட்டியது.

ச்சு.