பூச்சு மேல் பூச்சு

அன்று காலை அண்ணனின் வாய்க்குள் பல் துலக்கும் பிரஷ் நுழையவில்லை. இப்படிச் சாய்த்துப் பார்த்தான், அப்படிச் சாய்த்துப் பார்த்தான். கடைசியில் நுரையைக் கண்ணாடி மேலேயே துப்பிவிட்டு, "யானைக்கு வாங்குற பிரஷ்ஷ எனக்கு வாங்கிட்டு வந்தது யாரும்மா?" என்று கத்தினான். அம்மா சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். அது நேற்றுவரை அவன் பல் துலக்கிய அதே பிரஷ்.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் சின்னவள். அந்தப் பட்டத்தை என்ன செய்வது என்று முடிவு செய்யும் ஆள் அண்ணன். வெளியூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. லாரி ஓட்டி அவளைப் படிக்கவைத்தவன், "நான் இருக்கிறவரைக்கும் நீ எங்கயும் தனியா போய் நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, அதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல டிவியைச் சத்தமாக வைத்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் சிப்பாய்களிடம் போனாள்.

கட்டைவிரல் உயரத்து உலோகச் சிப்பாய்கள். பழையவற்றைத் தேடி வாங்குவாள், வந்தபடியே ஒன்றையும் விடமாட்டாள். கையை அறுத்து வேறு கையை வைப்பாள், முதுகை வளைப்பாள், களிமண்போலக் குழைந்து பிறகு கல்லாக இறுகும் பட்டியை அப்பி வேறு முகம் செய்வாள். குதிரைவீரன் தபால்காரன் ஆவான், பீரங்கிக்காரன் குடை பிடிப்பான். "காலேஜுக்கு அனுப்பினா பொம்மைக்குச் சட்டை மாட்டுது பாரு" என்பான் அண்ணன். இந்த முறை அவள் வாள் தூக்கிய ஒரு தளபதியை எடுத்து, வாளை வெட்டிவிட்டு லாரிச் சாவியைக் கொடுத்து, தலையைத் தனியே எடுத்து முகத்தை அரத்தால் ராவி, பட்டியில் புது முகம் அப்பி, பசையால் திரும்ப ஒட்டி அண்ணனையே செய்தாள். ஒரு தடவையாவது இவன் பேசாமல் நிற்கட்டும்.

அந்தக் காலைக்கு முந்தின ராத்திரி, வாய்தான் சரியாக வரவில்லை. எப்படி எழுதினாலும் அது அவளைப் பார்த்து இளித்தது. தோல் நிறத்தால் மூடினாள். திரும்ப எழுதினாள். திரும்ப மூடினாள். பழைய பூச்சைக் கரைத்து எடுக்காமல் மேலே மேலே பூசினால் கோடுகளும் பள்ளங்களும் மூழ்கிப்போகும். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு. கோபம் பொறுக்கவில்லை. மூக்கு வரைக்கும் பூச்சைத் தடிப்பாக இழுத்துவிட்டு, வாயே எழுதாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் அது இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்க, ஈரச்சுவரின் வாடையும் அவள் அறையிலிருந்து வந்த பெயின்ட் வாடையும் ஒன்றாகக் கலந்து கூடம் முழுவதும் நின்றது. அண்ணன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். ஸ்பூன் அவன் உதட்டில் மோதித் திரும்பியது.

"வாய்ப்புண்ணா இருக்கும். உப்புத்தண்ணி கொப்பளிடா" என்றாள் அம்மா.

தண்ணீர் உள்ளே போகவில்லை. மோவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. அவன் ஏதோ சொன்னான். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல இருந்தது. சின்னவள் குனிந்து பார்த்தாள். வீக்கம் இல்லை. புண் இல்லை. உதடுகளின் ஓரங்கள் வழவழவென்று கன்னத்தோடு சேர்ந்திருந்தன. கீழுதட்டுத் தோலுக்கு அடியில், தூண்டில்முள்போல வளைந்த கறுப்பு முடி ஒன்று.

மீசைமுடி இல்லை. மீசை மேலேதானே இருக்கிறது.

அறைக்கு ஓடிக் கதவைத் தாழிட்டாள். விளக்கைப் போட்டுச் சிப்பாயைத் தூக்கிப் பிடித்தாள். கீழுதடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த பூச்சுக்குள், அவள் பெயின்ட் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒற்றை முடி. அதே வளைவு.

சுவருக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டது. அண்ணன் மூக்கால் இழுக்கும் மூச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் அது மெலிந்தது.

கத்தி முனையைப் பூச்சின் மேல் வைத்தாள். லேசாக. அவ்வளவுதான்.

"ஐயோ, ரத்தம்! ஏய் சின்னவளே, இங்க வாடி! ரத்தம் வருதுடி!"

கத்தியைப் போட்டாள். இனிப் பெயின்ட்டைக் கரைத்தெடுக்கும் கரைப்பான் ஒன்றுதான் வழி. ஆனால் அது பூச்சை மட்டும் தின்னாது. பட்டியையும் தின்னும். தலையை உடலோடு ஒட்டியிருக்கும் பசையையும் தின்னும். அது அவளுக்குத் தெரியும். விசில் நின்று நின்று வந்தது. பிறகு வரவில்லை.

சிப்பாயைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மட்டும் கரைப்பானில் முக்கினாள். தோல் நிறம் புகைபோலப் பிரிந்தது. ஒரு பூச்சு. இன்னொன்று. அடியில் அவள் முதலில் எழுதிய வாய் தெரிந்தது.

"திறந்துடுச்சுடி!" அம்மா அழுதுகொண்டே கத்தினாள். "வாய் திறந்துடுச்சு! மூச்சு விடுறான்!"

"எங்கடி போன நீ?" அண்ணனின் குரல். கரகரப்பாக, கோபமாக, முழுசாக. அந்தக் கோபத்தைக் கேட்டு அவள் அழுதாள். திட்டுடா. இன்னும் திட்டு.

வெளியே எடுத்தாள். துடைத்தாள். தலை லேசாகச் சரிந்தது.

"அம்மா... கழுத்து... கழுத்து என்னமோ..."

இரண்டு விரல்களால் தலையையும் உடலையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பசை நூல்நூலாக இழுபட்டது. விரல்கள் வழுக்கின. விட்டால் தலை விழும்.

"கதவத் திறடி!" அம்மா இரண்டு கைகளாலும் இடித்தாள். "அவனப் பாருடி! அவன வந்து பாரு!"

"நான் பிடிச்சிருக்கேம்மா!" என்று கத்தினாள். "விடமாட்டேன்!"

இன்னும் இறுக்கினாள். ஊறிப்போன பட்டி மெழுகுபோல இளகியது. அவள் கட்டைவிரலுக்கு அடியில் அண்ணனின் மூக்கு மெல்ல உள்ளே போனது. பிறகு ஒரு கண். அந்தப் பக்கம் அவன் அலறத் தொடங்கினான். அவள் விரலை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. மென்மையான அந்த முகத்தில் அவள் ரேகை, வரி வரியாக, ஆழமாகப் பதிந்துகொண்டிருந்தது.