ஒரு தடவை பூட்டினால் போதும்!

போன் அலறியது!

ஞாயிற்றுக்கிழமை காலை. பூட்டு சார் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் நுரை. பாதி முகம் பளபளப்பு.

'பூட்டு' என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் இல்லை. பெரிய கடிகாரக் கடை ஒன்றில் சாவிப் பொறுப்பு அவருடையது. காலையில் ஷட்டரைத் திறப்பார், சாயங்காலம் பூட்டுவார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாப் வரை போவார். 'சரியாகப் பூட்டினோமா?' என்று சந்தேகம் வரும். ஓடி வருவார். மறுபடி ஷட்டரைத் தூக்கி, நேராகப் பின்னறைக்குப் போய், குழாய், விளக்கு, பிளக் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுவார். மறுபடி பஸ் ஸ்டாப். மறுபடி சந்தேகம்...

கடையில் எல்லோரும் சேர்ந்து வைத்த பேர்தான் 'பூட்டு'!

நுரையோடு போனை எடுத்தார். தெரியாத நம்பர்.

"ஹலோ..."

மறுமுனையில் ஒரு கரகரத்த குரல். வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்!

"நேத்து கடையைப் பூட்டினியா?"

"யாருங்க பேசறது?"

"யாரா இருந்தா உனக்கென்ன? நீ சரியாப் பூட்டலை. உடனே போய்ப் பாரு!"

டொக்.

இன்றும் நாளையும் கடைக்கு விடுமுறை. பூட்டாமல் கிடந்தால்...? கை தானாகச் சட்டையைத் தேடியது. கால் தானாகச் செருப்பை நோக்கி நகர்ந்தது.

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதனால் தெருவுக்கே அவர் 'டீச்சர்'. வழக்கமாக வாய் மூடாத டீச்சர் இப்போது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 'பூட்டியாச்சு பூட்டியாச்சுன்னு நீங்க சமாதானம் சொல்லாதீங்க, அவரே தாங்கிப் பழகட்டும்' என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

டாக்டரிடம் போனதே ஒரு கதை. குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிய அன்று, வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போய் ரயிலைக் கோட்டை விட்டார் பூட்டு சார். டீச்சர் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதார். மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இது கெட்ட பழக்கம் இல்லை சார், ஒரு நோய். மருந்து இருக்கு," என்றார் டாக்டர். "மூளையில செரடோனின்னு ஒண்ணு இருக்கு. ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல அதை வெளிய விடும். சொன்ன கையோட திரும்ப உள்ள இழுத்துக்கும். இந்த மாத்திரை அந்த இழுப்பைத் தடுக்கும். மனச்சோர்வுக்கும் இதைக் கொடுப்போம், பதற்றத்துக்கும் கொடுப்போம், உங்க சந்தேகத்துக்கும் இதேதான்."

"இன்னிக்குப் போட்டா நாளைக்குச் சரியாயிடுமா டாக்டர்?"

"தலைவலி மாத்திரையா இது? மனச்சோர்வுக்கே சில வாரம் ஆகும். உங்களுக்கு இன்னும் நாளாகும். டோஸும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். முதல்ல குமட்டும், பயப்படாதீங்க. சந்தேகம் வந்தா ஓடாம உட்கார்ந்து பழகுங்க. ஒண்ணும் ஆகலையேன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தினீங்க... வீட்டுக்கே வந்து உதைப்பேன்!"

குமட்டியது. வாய் உலர்ந்தது. சந்தேகம் மட்டும் அசையவில்லை. டீச்சரும் விடவில்லை. வாரங்கள் போகப் போக, பல தடவை ஓடி வந்தவர் ஒரு தடவை மட்டும் ஓடி வருகிறவராக மாறினார்.

நேற்று சாயங்காலம்தான் அந்த அதிசயம். பூட்டினார். இழுத்துப் பார்த்தார். பஸ் ஸ்டாப்புக்குப் போனார். சந்தேகம் வந்தது... கொஞ்ச நேரம் நின்றது... தானாகத் தேய்ந்து போனது. பஸ் வந்தது. ஏறிவிட்டார்!

வீட்டுக்கு வந்து சொன்னதும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேட்னி ஷோவுக்கு இரண்டு டிக்கெட் புக் செய்தார். கல்யாணமானதிலிருந்து இருவரும் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் பார்த்ததே இல்லை.

இந்தப் பாழாய்ப்போன போன் இன்றைக்குத்தானா வர வேண்டும்!

பூட்டு சார் செருப்பைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பூட்டினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார்.

போன் மறுபடி அலறியது!

"பின்னறையில குழாய் திறந்திருக்கு! தண்ணி கடை பூரா ஓடுது!" அதே குரல்.

"ஓடட்டும்."

"என்னது... ஓடட்டுமா?" குரல் ஆடிப்போனது.

பூட்டு சார் போனை வைத்தார். நெற்றி வியர்த்திருந்தது. ஆனாலும் சவரத்தின் மறுபாதியை முடித்தார். இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்!

மூன்றாவது தடவை...

"டேய், கடை பத்திக்கிட்டு எரியுது!"

"அப்போ ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்களேன்."

"வேணாம்! அவங்க வேணாம்! நீ சாவியோட வா!"

டொக்.

டீச்சரின் கண்கள் சுருங்கின.

"என்னங்க... இப்போ என்ன சொன்னான்?"

"சாவியோட வான்னான்."

"நீங்க நல்லாப் பூட்டி இருக்கீங்க. அதான் அவனுக்குப் பிரச்னை! எவனோ உங்க பலவீனம் தெரிஞ்சவன். நீங்க பதறிப் போய் ஷட்டரைத் தூக்கினதும், மறைஞ்சு நிக்கிற கும்பல் உங்களை உள்ள தள்ளிட்டு மொத்தத்தையும் வாரிக்கிட்டுப் போகப் போகுது!"

பூட்டு சார் பழைய ஆளாக இருந்திருந்தால் முதல் போனுக்கே போய் நின்றிருப்பார்!

டீச்சர் போனை எடுத்தார். அந்த ஏரியா இன்ஸ்பெக்டருக்குக் கார் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு சக்கரம் நடைபாதை மேல்!

"ரிவர்ஸ் எடு. நேரா நிறுத்து," என்றார் டீச்சர்.

"சாரி டீச்சர்," என்று இன்ஸ்பெக்டர் அம்மா ரிவர்ஸ் எடுத்தார். சரியாக நிறுத்தி இறங்கியதும் போலீஸ் மிடுக்கு திரும்பியது. "மஃப்டில ரெண்டு பேரை அனுப்பிக் கடையைப் பார்க்கச் சொன்னேன். ஷட்டர் பூட்டித்தான் இருக்கு. சுத்துவட்டாரத்துல ஈ காக்கா இல்லை. இன்னொரு சாவி யார்கிட்ட?"

"முதலாளிகிட்ட மேடம். அவர் வெளிநாட்டுல இருக்கார்."

"வேற பொறுப்பான ஆள்?"

"சூப்பர்வைசர் இருக்கார். முதலாளியோட மச்சான். மலைப்பக்கம் டூர் போறேன்னு நேத்தே சொல்லிட்டுக் கிளம்பினார்."

"எப்படிப்பட்ட ஆள்?"

"நல்லவர்தான். என்மேல ரொம்ப அக்கறை. 'அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்க சார், உங்க செக்கிங்தான் கடைக்கே காவல்'னு தினமும் நச்சரிப்பார். தொல்லை தாங்காம 'நிறுத்திட்டேன்'னு ஒரு பொய் சொல்லி வெச்சிருக்கேன்."

"போடுங்க அவருக்கு. ஸ்பீக்கர்ல!"

முதல் ரிங்கிலேயே எடுத்தார் சூப்பர்வைசர்.

"பூட்டு சார்! சொல்லுங்க சார்! சொல்லுங்க!"

"சார், யாரோ போன் பண்ணிக் கடை பூட்டலைங்கறான், எரியுதுங்கறான்..."

"ஐயையோ! உடனே போய்த் திறந்து பாருங்க!"

"போலீஸைக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா சார்?"

"போலீஸா? எதுக்கு சார் போலீஸ்? வழக்கம்போல நீங்க மட்டும் போங்க. நேராப் பின்னறைக்குப் போய்க் குழாயைப் பாருங்க. பொறுமையா, நிதானமாப் பாருங்க. எனக்கு இங்க மலைமேல குளிர் நடுக்குது, இல்லைன்னா நானே..."

டிங்! டாங்! டொங்! டங்!

போனுக்குள்ளிருந்து ஒரே இரைச்சல்! பெரிய மணி, சின்ன மணி, கட்டை மணி... எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு அடித்தன. எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு குருவி மட்டும் தனியாக, சாவகாசமாகக் கத்தியது.

"க்கூ... க்கூ..."

டொக்! லைன் துண்டிக்கப்பட்டது.

பூட்டு சார் போனையே பார்த்தார்.

"மேடம்... அது எங்க கடை! எங்க கடையில எல்லாச் சுவர்க் கடிகாரமும் ஒண்ணா அடிக்கும். அந்தக் குருவிக் கடிகாரம் மட்டும் கடைசியிலதான் வாயைத் திறக்கும். எத்தனை தடவை சரி பண்ணினாலும் கேட்காது!"

"அப்படின்னா சூப்பர்வைசர்..."

"கடைக்குள்ள இருக்கார்!"

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "உள்ள வர்றதுக்குச் சாவி கேட்கலைங்க... வெளிய போறதுக்குக் கேட்டிருக்கான்!"

ஜீப் பறந்தது. வழியெல்லாம் டீச்சர் கியரைச் சரியாகப் போடச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தார்.

கடை வாசல். பூட்டு சார் சாவியை எடுத்தார். ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

உள்ளே அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் தலைதெறிக்க ஓடி வந்தது. தோளில் பை. பை நிறைய விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள்!

நேராக இன்ஸ்பெக்டர் மேல் மோதியது.

தலை கலைந்து, கண் சிவந்து, சட்டை கசங்கி... சூப்பர்வைசர்! போலீஸைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் பூட்டு சார் மேல்!

"ஏன்யா... ஏன்யா நேத்து திரும்பி வரலை?"

"எங்க சார்?"

"எங்கயா? கடைக்குய்யா! ஒரு தடவையாவது திரும்பி வந்து திறப்பியே! நீ பின்னறையில குழாயைத் தடவிக்கிட்டு இருக்கிறப்போ நான் முன்பக்கமா நைஸா வெளிய போயிடலாம்னு இங்க ஒளிஞ்சிருந்தேன். வருவே வருவேன்னு ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தேன்யா! மாத்திரையை நிறுத்திட்டேன்னு சொன்னியே... பொய் சொல்லலாமா? நியாயமா இது?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பிளான் பிரமாதம்தான்! லீவு முடிஞ்சு கடை திறந்தா வாட்ச் எல்லாம் காணோம். ஷட்டர் உடையலை, பூட்டு உடையலை. சாவி யார் கையில?"

பூட்டு சார் சாவியைப் பார்த்தார். அவர் கையில்! நேற்று ஒரே ஒரு தடவை திரும்பி வந்திருந்தால் இன்று விலங்கு அவருக்குத்தான். டீச்சருக்கும் அது புரிந்தது. பக்கத்தில் வந்து கணவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றார்.

"நீ விடாம மாத்திரை எடுத்துக் கொடுத்தே. அதான்," என்றார் பூட்டு சார்.

"அதெல்லாம் அப்புறம் கொஞ்சிக்கலாம்!" சூப்பர்வைசர் ஒற்றைக் காலில் குதித்தார். "கடையில பாத்ரூம் கிடையாது, காம்ப்ளெக்ஸ் பாத்ரூம் வெளியதான் இருக்கு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்... எந்த செக்ஷன்ல வேணும்னாலும் கேஸ் போடுங்க, முதல்ல என்னை விடுங்க!"

மஃப்டியில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது மனிதர் சாந்தமாக இருந்தார். கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

பூட்டு சார் கடையைப் பூட்டினார். ஒரு தடவை. சாவியைப் பையில் போட்டார்.

"வா, படத்துக்கு நேரமாச்சு."

இன்ஸ்பெக்டர் சூப்பர்வைசரை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றிக் கதவைச் சாத்தினார். கொக்கியை மாட்டினார். நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பி வந்து கொக்கியை ஆட்டிப் பார்த்தார். முன்பக்கம் போய் ஏறி உட்கார்ந்தார். என்ன நினைத்தாரோ... இறங்கினார். மறுபடி வந்து கொக்கியை இழுத்துப் பார்த்தார்.

பூட்டு சார் அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"மேடம்... நம்ம டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார். நம்பர் தரட்டுமா?"