திருப்பித் தட்டுகிறவர்

அந்த டிரெய்லர் பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்த அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. ஒரு வாடகை லாரியின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட சாமான். பச்சை பெயின்ட் உரிந்து அதன் அடியில் வேறொரு பச்சை, அதற்கும் அடியில் துரு. இரண்டு சக்கரமும் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டியும், அவ்வளவுதான் வண்டி. தெருமுனையில் திரும்பும்போது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பேய்க்கதைக்காக இதைச் சொல்லவில்லை. பீன்யா நாய்கள் எந்த லாரியைப் பார்த்தும் குரைப்பதில்லை, அவற்றுக்கு அலுத்துவிட்டது.

என் பெயர் சங்கமித்ரா. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். குஷன், ரெக்சின், தார்ப்பாய் தைப்பது என் வேலை. இரும்பு வேலை என் கணவர் கிஷோருடையது. இருவரும் சேர்ந்து ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பழைய வேன்களை, உள்ளேயே படுத்துத் தூங்குகிற மாதிரி வண்டிகளாக மாற்றித் தருகிறோம். காட்டுக்குப் போக வேண்டும், ஆனால் வீட்டுக் கட்டில் மாதிரியே இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். வெங்கடராமன் சார் அப்படிப்பட்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஜீப் வாங்கி, ஏலத்தில் இந்த டிரெய்லரையும் எடுத்துவிட்டார். மேடு பள்ளமெல்லாம் தாங்குகிற மாதிரி அதில் படுக்கை, அடுப்பு, மடக்குக் கூரை எல்லாம் வைத்துத் தர வேண்டும் என்றார். கிஷோர் அந்த அச்சையும் ஸ்பிரிங் பட்டைகளையும் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படி இரும்பு எங்கே கிடைக்கும் என்று தடவிக் கொடுத்தார்.

கிஷோரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் தங்கவயல்காரர். அவருடைய அப்பா முனியப்பன் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஒருமுறை பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டார். இருட்டில் காற்றுக் குழாயைக் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தாராம். மறுபக்கத்திலிருந்து ஆட்கள் திருப்பித் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். தோண்டி எடுக்க நாளாயிற்று. அந்தப் பதில் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் மூச்சு இருந்தும் செத்திருப்பேன் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம். யார் எங்கே தட்டினாலும் திருப்பித் தட்ட வேண்டும். குளியலறைக் கதவாக இருந்தாலும் சரி, குக்கர் மூடியாக இருந்தாலும் சரி. கல்யாணமான புதிதில் ஈஜிபுராவில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தார். இவர் இந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்ட, அது பெரிய சண்டையாகிவிட்டது. நான்தான் போய் மன்னிப்புக் கேட்டு வந்தேன். ஆனாலும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். இப்படி ஒருத்தர் கூட இருந்தால் எங்கேயும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று ஒரு தைரியம்.

வேலை தொடங்கிய பிறகுதான் டிரெய்லருக்கு இரட்டைத் தளம் என்பது தெரிந்தது. மேலே கால் வழுக்காமல் வரி போட்ட இரும்புத் தகடு, செக்கர் பிளேட் என்போம், கீழே ஒரு பிளேட், நடுவில் ஆள் குப்புறப் படுக்கிற அளவுக்கு இடைவெளி. மேல் பிளேட்டைச் சுற்றிலும் வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள். எதற்காக என்று எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுகிற உத்தமனும் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அன்று மதியம் கரண்ட் போயிற்று. கிரைண்டர் சத்தம் அடங்கியதும் தகரக் கூரைமேல் முதல் தூறல் கேட்டது. ஷெட்டுக்குள் வெளிச்சம் மங்கி, ஈரத் துருவும் கியர் ஆயிலும் கலந்த வாடை எழுந்தது. நான் மூலையில் ரெக்சினுக்கு அளவு வைத்துக்கொண்டிருந்தேன்.

டக். டக். டக்.

டிரெய்லருக்கு உள்ளிருந்து வந்தது.

கிஷோர் யோசிக்கவேயில்லை. கையிலிருந்த சுத்தியலின் பிடியால் தளத்தில் திருப்பித் தட்டினார். தும்மினால் நூறு வயசு என்போமே, அப்படித் தானாக வந்துவிட்டது. உள்ளே சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

பிறகு மறுபடி வந்தது. இந்தத் தடவை அவர் தட்டிய இடத்துக்கு நேர் கீழே.

சூடான இரும்பு ஆறும்போது சத்தம் போடத்தான் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஆறுற இரும்பு பாட்டுக்குச் சத்தம் போடும். இது நம்ம பதிலுக்கு நின்னு கேக்குது, மித்ரா."

கரண்ட் வந்ததும் பிளேட்டை அறுத்தார். என்ன இருக்குமோ என்று உத்தமன் கடப்பாரையோடு வந்து நின்றார். பிளேட்டைத் தூக்கினோம். உள்ளே ஒன்றுமே இல்லை. துரு, தூசி, அதோடு ஒரு வாடை. மூடிய அறையில் மனிதர் நெடுநேரம் தூங்கி எழுந்தால் வருகிற வாடை. அறுத்த பிளேட்டைத் திருப்பிப் போட்டோம். அடிப்பக்கம் முழுக்கத் துரு ஏறியிருந்தது. ஒரே ஓரிடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, இரும்பு தேய்ந்து பளபளத்தது.

உத்தமன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிளேட் திறந்திருக்கும்வரை சத்தமில்லை. மூடினால் வந்தது. கிஷோர் ஒவ்வொரு தடவையும் பதில் தட்டினார். நாட்கள் போகப் போக வேலை நின்றது. சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தார். டிரெய்லருக்குள் ஏறி, தளத்தில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பார். நான் பேசினால் பாதி காதுதான் என் பக்கம் இருக்கும். தளத்தின் இடைவெளியில் சூடு தாங்க, நுரையாகப் பொங்கி இறுகிவிடுகிற ஃபோமைப் பாய்ச்சி அடைப்பது எங்கள் வழக்கம். அதைச் செய்ய மாட்டேன் என்றார். உள்ளே ஆள் இருக்கும்போது எப்படி அடைப்பது என்று என்னையே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இந்த ஆர்டரும் வேண்டாம், ஷெட்டும் வேண்டாம், என் புருஷன் எனக்கு முழுசாகத் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. பதில் தட்டுவதை நிறுத்து, தானாக அடங்கிவிடும் என்று கெஞ்சினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம்தான் இருந்தது.

"தானா அடங்கிடும்னு எப்படிச் சொல்ற? நிறுத்திட்டா உள்ள இருக்கிறவன் இன்னா நினைப்பான்? விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நினைப்பான். எங்கப்பாவ அப்படி விட்டிருந்தா?"

நான் ரெக்சினையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன்.

மறுநாள் பஞ்சு வாங்க சிட்டி மார்க்கெட் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவிலிருந்து இறங்கி மூட்டையோடு ஓடி வந்தேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. டிரெய்லர் பக்கத்தில் கிஷோரின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. பிளேட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கி சரிந்து கீழே விழுந்திருந்தது.

பிளேட் மூடியிருந்தது.

கூப்பிட்டேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏறி மண்டியிட்டு பிளேட்டைத் தூக்கப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே காற்று எவ்வளவு நேரம் தாங்கும்? அப்போது என் முழங்காலுக்குக் கீழே சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

திருப்பித் தட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் மாதிரியே. நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே தட்டினேன்.

பதில் உடனே வந்தது.

இரண்டு இடத்திலிருந்து வந்தது.

ஒன்று என் முழங்காலுக்குக் கீழே. இன்னொன்று தள்ளி, அச்சுப் பக்கத்து மூலையில்.

நான் அலறிய அலறலில் உத்தமன் நனைந்துகொண்டே ஓடி வந்தார். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து, "ஸ்வல்ப தடியம்மா, ஸ்வல்ப தடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு நெம்பினார். பிளேட் எழும்பியது. இருட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கல்யாண மோதிரம் போட்ட கை. பிடித்து இழுத்தேன். கிஷோர் ஊர்ந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் துருவும் தூசியும். ஒரு கீறல் இல்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் உடம்பு ஈரச் சுவர் மாதிரி குளிர்ந்திருந்தது. உத்தமன் போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். காலி.

"யாருமில்ல," என்றார் கிஷோர். "வா, வீட்டுக்குப் போலாம்."

அதன் பிறகு சத்தமே இல்லை. பிளேட்டை மூடி வெல்டிங் வைத்தார், அப்போதும் இல்லை. மர்பி டவுன் புத்த விகாரையில் போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். கிஷோர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். கூரை, அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் மளமளவென்று முடிந்தது. வெங்கடராமன் சார் வந்து பார்த்துப் பூரித்துப் போனார். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் கிஷோர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மாடியில் ஏதோ ஆணி அடித்தார்கள், அவர் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பீடை விட்டது, பழக்கமும் விட்டது என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்படத்தான் செய்தேன். கையில் வந்த புருஷனை உரசிப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

ஃபோம் பாய்ச்சுகிற வேலை மட்டும் கடைசியாக மிச்சமிருந்தது.

நல்ல வெயில் நேரம். வெங்கடராமன் சார் ஜீப்போடு வந்து வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் டிரெய்லருக்குள் ஏறி, குஷனைத் தளத்தில் போட்டு அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புது ரெக்சின் வாடையும் பெயின்ட் வாடையும் கலந்து வந்தன. கிஷோர் தளத்தில் துளை போட்டு முடித்து, ஃபோம் மெஷினின் குழாயை இழுத்து வந்தார்.

குஷனுக்கு அடியில், என் உள்ளங்கைக்கு நேர் கீழே, இரும்பு அதிர்ந்தது.

மெல்லத்தான். பலம் போன கை தட்டுவது போல.

டக். டக். டக்.

நான் கிஷோரைப் பார்த்தேன். அவர் குழாய் முனையைத் துளைக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"கேக்குதா?" என்று கிசுகிசுத்தேன்.

"கேக்குது," என்றார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "விடு. அடைச்சிட்டா தானா அடங்கிடும்."

வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்துவிட்டது.

முனியப்பன் பெற்ற பிள்ளை இப்படிச் சொல்ல மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான். அன்று மழையில் இரண்டு பேர் தட்டினார்கள். ஒருத்தரைத்தான் நான் வெளியே இழுத்தேன். மோதிரம் போட்ட கையைத்தான் பார்த்தேன். அந்த முகத்துக்குப் பின்னால் யார் என்பதை நான் பார்க்கவேயில்லை.

"நகரு," என்றார் அவர்.

அவர் சிரித்தார். கிஷோருடைய அதே சிரிப்பு.

நான் துளையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையை மடக்கி, எலும்பு நோக, தளத்தில் திருப்பித் தட்டினேன். வெங்கடராமன் சார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, என்னம்மா சத்தம் அது என்று வாசலிலிருந்து கேட்டார்.

உள்ளே தட்டல் நின்றது.

அதற்குப் பிறகு இரும்புக்கு அடியிலிருந்து, என் விரல்களுக்குக் கீழே, யாரோ ஓவென்று அழத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த அழுகை, என் கிஷோருடையது.

என் தலைக்கு மேலே, அவர் கையிலிருந்த குழாயில், ஃபோம் சீற ஆரம்பித்தது.