முட்டை ஸ்பூனில் ஒரு கீறல்

போன் அலறியது!

பெர்னீஸ் அல்மெய்டாவின் இரண்டு கைகளும் பாத்திர அறைத் தொட்டியின் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்குள் இருந்தன. விரல்களுக்கு நடுவே தங்க முலாம் பூசிய ஃபோர்க் ஒன்று. அதை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு ஓட முடியாது. எடுத்தாள். அலசினாள். மிருதுவான துணியால் ஒற்றி, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, ஃபெல்ட் துணி விரித்த தட்டில் வைத்தாள்.

போன் ஏழாவது முறையாக அலறியது.

மணி பதினொன்று. ஒரு மணிக்கு இருபத்து நான்கு பேர் சாப்பிட வருகிறார்கள். நியூபோர்ட்டின் ஹேவர்ஸ்டாக் மாளிகையில் தங்க ஃபோர்க்குகள் மேஜைக்கு வருவது மூன்று காரியங்களுக்குத்தான். ஞானஸ்நானம். கல்யாணம். சாவு.

இன்றைக்கு சாவு.

மிஸ் அகஸ்டா ஹேவர்ஸ்டாக். எண்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். செவ்வாய்க்கிழமை காலை படுக்கையில் உட்கார்ந்து, எப்போதும் போல அரைவேக்காட்டு முட்டையைத் தங்க ஸ்பூனால் தோண்டிச் சாப்பிட்டார்.

பத்தே நிமிடம்... தலை சாய்ந்துவிட்டது!

பெர்னீஸ் ரிசீவரை எடுத்தாள்.

"பெர்னீஸா? போலீஸ் லெஃப்டினன்ட் டியர்னி பேசறேன்."

"சொ... சொல்லுங்க சார்..."

"லேப்லேர்ந்து ரிப்போர்ட் வந்தாச்சு. மாரடைப்பு இல்லை. முட்டையில விஷம்!"

"மாதாவே!"

"மாதாவை அப்புறம் கூப்பிடலாம். முட்டையை அவிச்சது யாரு?"

"நான்..."

"மாடிக்குத் தூக்கிட்டுப் போனது?"

"நான்தான்... ஆனா சார்—"

"பன்னிரண்டு மணிக்கு வர்றேன். விலங்கோட. ஓடிடலாம்னு நினைக்காதே!"

"வச்சுடாதீங்க சார்! ஒரே ஒரு நிமிஷம்!" பெர்னீஸின் குரல் உடைந்தது. "ஒரு முட்டை ஸ்பூன்... அதுல தங்கம் உரிஞ்சிருக்கு. உள்ளே வெள்ளி பல்லை இளிக்குது!"

"அதனால?"

"பதினாறு வருஷமா இந்த வீட்டுத் தங்கத்தைத் தொடுறது நான் ஒருத்திதான். மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டுத்தான் தண்ணியில கையே விடுவேன். மெஷின்ல போட்டதில்லை. வெள்ளி பாலிஷ் பட்டதில்லை. நானா கீறுவேன்? வேற யாரோ அவசர அவசரமா அதை சுத்தம் பண்ணியிருக்காங்க. எதுக்கு? விஷத்தைக் கலக்கின ஸ்பூன் சார் அது!"



"ஸ்பூன் எங்கே?"

"என்கிட்டதான் இருக்கு."

"யார்கிட்டயும் காட்டாதே. நான் வர்ற வரைக்கும் பத்திரம்."

லைன் கட்டானது.

பெர்னீஸ் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு வினாடி... இரண்டு வினாடி...

க்ளிக்!

மாடியில் இருக்கும் இன்னொரு ரிசீவரை யாரோ மெல்ல வைத்தார்கள்.

மாடியில் இருப்பது ஒரே ஒருவன். வின்ஸ்லோ ஹேவர்ஸ்டாக். மிஸ் அகஸ்டாவின் அண்ணன் மகன். நாற்பத்தாறு வயது. அத்தை இந்த வீட்டை ஊர் மியூசியத்துக்கு எழுதிவைக்க முடிவு செய்து, வக்கீலை வரச்சொன்னது புதன்கிழமைக்கு. செத்தது செவ்வாய்க்கிழமை.

பின்படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

வேலைக்காரர்களின் படிக்கட்டு. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட வின்ஸ்லோ அதில் இறங்கியதில்லை!

பெர்னீஸ் அடுத்த ஃபோர்க்கை எடுத்தாள். துணியால் ஒற்றினாள்.

"குட் மார்னிங், பெர்னீஸ்!"

இரண்டு கைகளிலும் காபிக் கோப்பைகளோடு நின்றான் வின்ஸ்லோ. கறுப்பு சூட். வெள்ளைச் சிரிப்பு. கோப்பைகளை மேஜையில் வைத்தான். திரும்பினான். கதவைச் சாத்தினான்.

தாழ்ப்பாள் விழுந்தது.

டொக்!

பெர்னீஸ் ஃபோர்க்கைத் தட்டில் வைத்தாள்.

"எ... எதுக்கு சார் தாழ்ப்பாள்?"

"கடல் காத்து சில்லுனு வருதே. பாவம், நீ வேற காலையிலேர்ந்து ஈரத்துலயே நிக்கறே." காபியை அவள் பக்கம் தள்ளினான். "குடி."

"இது முடியட்டும் சார். முலாம் போட்டதைப் பாதியில விட்டா தண்ணி காய்ஞ்சு திட்டுத்திட்டா—"

"குடின்னு சொன்னேன்!"

சிரிப்பு காணாமல் போயிருந்தது.

தட்டில் இருந்த கறி வெட்டும் கத்தியை எடுத்தான். தங்கப் பிடி. கூரான எஃகு நுனி. வெறும் கையால் பிடித்தான். அந்த நிலையிலும் பெர்னீஸின் கண் அவன் விரல்களுக்குப் போனது. இப்போதுதான் துடைத்தேன்... கைரேகை பதிகிறதே!

"ஸ்பூனைக் குடு, பெர்னீஸ்."

"எந்த ஸ்பூன் சார்?"

"எனக்குக் காது நல்லா கேக்கும். மாடி போன்லயும் கேக்கும்."

கத்தி நுனி அவள் தொண்டைக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்றது.

பெர்னீஸ் ஏப்ரன் பைக்குள் கைவிட்டாள். எடுத்தாள். வின்ஸ்லோ அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். குழிந்த பகுதியில் தாறுமாறாகக் கீறல்கள். கீறல்களுக்குள் வெள்ளை.

அவன் நெற்றி சுருங்கியது.

"இது எப்படி..."

"முட்டை பட்டா வெள்ளி கறுத்துடும் சார். அதுக்குத்தான் முட்டை ஸ்பூனுக்குத் தங்கமே பூசறாங்க. முடியை விட மெல்லிசு அது. முரட்டுத்தனமா தேய்ச்சா வந்துடும்."

"யாரு முரட்டுத்தனமா தேய்ச்சா? கைக்குட்டையாலதானே துடைச்சேன்!"

சொன்ன பிறகுதான் அவன் வாய் மூடியது.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பெர்னீஸ் மெல்லக் கேட்டாள்.

"கைக்குட்டைன்னா... உங்க பேரு தையல் போட்டிருக்குமே, அதுவா சார்? கஞ்சி போட்டு மொடமொடன்னு?"

"ஆமா. ஏன்?"

"தையல் நூல்... கஞ்சி... அது போதுமே சார், கீறுறதுக்கு."

"சே!" ஸ்பூனை மேஜையில் அடித்தான். "எத்தனை தடவை துடைச்சேன் தெரியுமா? அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினாங்க. மஞ்சள் கருவுல கலக்கினேன். அவ்வளவுதான். அப்புறம் அவங்க தலை சாய்ஞ்சதும் ஸ்பூனைத் துடை துடைன்னு துடைச்சேன். அது இப்படி என் கழுத்துக்கு வரும்னு..."

மூச்சு வாங்கியது அவனுக்கு. பிறகு பழைய சிரிப்பு திரும்பியது. முன்னைவிடப் பயங்கரமாக.

"பரவாயில்லை. பன்னிரண்டு மணிக்கு டியர்னி வருவாரு. எஜமானியைக் கொன்ன வேலைக்காரி குற்ற உணர்ச்சியில காபியில அதே விஷத்தைக் கலந்து குடிச்சுட்டான்னு தெரிஞ்சுப்பாரு. லெட்டரை நான் டைப் பண்ணிட்டேன்."

"சார்... எனக்கு ஒரு பொண்ணு இருக்கா... ஃபால் ரிவர் ஊர்ல நர்ஸா—"

"அவளைப் பத்தி நல்லதா ரெண்டு வரி சேர்த்துடறேன். குடி!"

கத்தி நுனி தொண்டையைத் தொட்டது. சில்லென்று.

பெர்னீஸ் கோப்பையை எடுத்தாள். காபி அலம்பிச் சிந்தியது. ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடினாள். கோப்பை விளிம்பு உதட்டில்...

"கப்பைக் கீழே வை, பெர்னீஸ்! வின்ஸ்லோ, கத்தியைப் போடு!"

வின்ஸ்லோ திடுக்கிட்டுத் திரும்பினான்.

சாப்பாட்டு ஹால் பக்கத்துச் சுவரில் ஒரு சதுரம் திறந்திருந்தது! அதற்குள் லெஃப்டினன்ட் டியர்னியின் தலை. தலைக்கு முன்னால் துப்பாக்கி.

கத்தி தரையில் விழுந்தது.

"அங்கே... அங்கே சுவர்தானே இருந்தது!"

"உங்க பக்கத்துக்கு அது பூப்போட்ட சுவர் சார்," என்றாள் பெர்னீஸ். "எங்க பக்கத்துக்கு சாப்பாடு தள்ளுற ஜன்னல். இத்தனை வருஷமா சூப் ஆறாம எப்படி வந்துதுன்னு நினைச்சீங்க?"

டியர்னி சதுரத்தின் வழியே முக்கி முனகி உள்ளே இறங்கினார். விலங்கு மாட்டினார்.

பெர்னீஸ் அவர் பக்கம் பாய்ந்தாள். "அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தா என்ன சார் குறைஞ்சு போச்சு? கதவைத் தாழ்ப்பாள் போடுவாருன்னு நாம பேசிக்கவே இல்லையே! உயிரே போயிடுச்சு எனக்கு!"

"கத்தி பக்கத்துல வரும்னும் பேசிக்கலையேம்மா. சுட்டா உன் மேல படுமோன்னு நானும் அங்கே வேர்த்து வடிஞ்சுட்டு நின்னேன். கப்பு உதட்டுக்குப் போனப்புறம்தான் அவன் கண்ணு கத்தியை விட்டுக் காபிக்கு வந்துச்சு."

"நாம பேசிக்கலையேன்னா?" வின்ஸ்லோ மாறி மாறிப் பார்த்தான். "அப்போ அந்த போன்?"

"பக்கத்து சாப்பாட்டு ஹால்லேர்ந்துதான் பேசினேன். நீ ஒட்டுக் கேப்பேன்னு பெர்னீஸ் அடிச்சுச் சொன்னா."

வின்ஸ்லோ பல்லைக் கடித்தான். "ஒரு கீறல்... கேவலம் ஒரு கைக்குட்டைக் கீறல் என்னைக் கவுத்துடுச்சு!"

டியர்னி சிரித்தார். "சொல்லிடேன், பெர்னீஸ்."

பெர்னீஸ் டிராயரை இழுத்தாள். ஃபெல்ட் சுருளைப் பிரித்தாள். இன்னொரு முட்டை ஸ்பூனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மஞ்சள் வெயிலாக ஜொலித்தது அது. ஒரு கீறல் கிடையாது!

"நீங்க துடைச்சது இது சார். லேப்ல மூணு தடவை பார்த்துட்டாங்க. ஒரு துளி விஷம் இல்லை. ஒரு ரேகை இல்லை. உங்களைப் பிடிக்க ஒண்ணுமே இல்லாம லெஃப்டினன்ட் தலையில கைவச்சுட்டு உக்காந்துட்டாரு."

"அப்போ... கீறல் விழுந்தது?"

"வேற ஸ்பூன். இன்னிக்குக் காலையில பச்சை ஸ்க்ரப்பர் போட்டு நானே தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க எனக்கு அழுகையே வந்துடுச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு ஸ்பூன் கழுவியிருந்தாக்கூட, கைக்குட்டையால அப்படிக் கீறல் விழாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

வின்ஸ்லோவின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது.

டியர்னி அவனைக் கதவுப் பக்கம் தள்ளினார். பெர்னீஸ் தரையில் கிடந்த கத்தியைத் துணியால் எடுத்தபடி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார்... நீங்க போற இடத்துல எல்லாம் பிளாஸ்டிக் ஸ்பூன்தான். எதால வேணும்னாலும் தேய்க்கலாம்!"