யூரோப் பையிலிருந்து போன பணம்

சனிக்கிழமை, காலை 10.05.

அயர்லாந்து எல்லையை ஒட்டிய, பவுண்டு புழங்கும் நியூரி நகரம், லாக்ரன் ரொட்டிக் கூடம். கேக் அலங்காரம் செய்யும் நூலா, முதல் குதிரை ஓடுமுன் பந்தயப் பணத்தைச் சரிபார்க்கக் கைபேசியைத் திறந்தாள். எழுநூற்று அறுபத்தாறு யூரோ காணவில்லை. கையிலிருந்த க்ரீம் பை நழுவித் தரையில் விழுந்தது.

அது ஆறு தொழிலாளர்கள் இணையத்தில் கூட்டாகப் பந்தயம் கட்டும் பணம். அயர்லாந்துக் குதிரைகளுக்கு ஒரு யூரோ தளம், இங்கிலாந்துக் குதிரைகளுக்கு ஒரு பவுண்டு தளம். மின்பணப்பை ஒன்றுதான், உள்ளே யூரோவுக்கு ஒரு பை, பவுண்டுக்கு ஒரு பை. குதிரையிடம் தோற்கலாம், நாணயம் மாற்றும் கூலிக்கு ஒரு காசு தோற்கக் கூடாது என்பது நூலா போட்ட சட்டம். எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்த புத்தி.

பணப்பைக்கு ஓர் அட்டையும் உண்டு. தேநீர் அறை டப்பாவில் கிடக்கும். அதன் ரகசிய எண்ணை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள், புண்ணியவான்கள்.

10.40. முதலாளி லாக்ரன் வந்தார்.

"பொறுப்பு உன்னோடது, நூலா. மூணு மணிக்குள்ள பணம் வரலைன்னா நீ இங்க வேலை பாக்க வேண்டாம்."

"நான் எடுக்கல முதலாளி. சத்தியமா எடுக்கல."

பதினோரு வருடம் பார்த்த வேலை. சின்ன ஊர். திருடி என்று ஒருமுறை பேர் வாங்கினால் இன்னொரு கடைக்காரன் அவளைப் படியேற விடமாட்டான்.

11.15. முன்கடையில் பன் விற்கும் அட்ராக்டா, கணக்கைக் காட்டச் சொன்னார். இந்தக் கடைக்கு வருமுன் எல்லைச் சாலையில் முப்பது வருடம் நாணயம் மாற்றிக் கொடுத்தவர் அவர். வியாழன் மதியம் 1.12க்கும் 1.14க்கும், பக்கத்துத் தெரு இயந்திரத்தில் முந்நூறு முந்நூறு பவுண்டாக எடுத்திருந்தார்கள். கழிந்தது ஒவ்வொரு தடவையும் 383 யூரோ. பவுண்டுப் பையில் இருந்த 910 அப்படியே இருந்தது.

அட்ராக்டா அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

அட்டை கிடக்கும் டப்பா அந்த ஆறு பேருக்குத்தான் தெரியும். குழுவில் மூவர் வியாழனன்று விடுப்பு. மிச்சம் மூவர்.

"வியாழன் ஒரு மணிக்கு எங்க இருந்த, நூலா?"

"ரிப்பன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன்க்கா. தனியாத்தான்."

"நல்ல நேரம் பாத்துப் போனடி!"

12.20. அடுப்பு வேலை பார்க்கும் ஃபின்டன் வந்தான். வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், சம்பளம் இந்தப் பக்கம். பையில் யூரோ அட்டை.

"எங்கடா இருந்த?"

"கார்ல தூங்கிட்டிருந்தேன். சாட்சிக்கு என் குறட்டையைக் கூப்பிடவா? நூலாதான் எடுத்திருப்பா. வேற யாரு?"

இறைச்சி ரொட்டி ஒன்று வாங்கி அட்டையை நீட்டினான். பவுண்டா யூரோவா என்று அட்டையில் பணம் கழிக்கும் கருவி கேட்டது. "எங்கிட்டயே பிடுங்கப் பாக்குறியா, திருட்டு மிஷினே!" என்று பவுண்டைக் குத்திவிட்டுப் போனான்.

12.45. விநியோக மேற்பார்வை பார்க்கும் கில்லியன். தெற்கே, எல்லைக்கு வெகுதூரத்தில் உள்ள கார்க் நகரத்துக்காரன், வந்து ஆறு வாரம்.

"வியாழன் மதியம்?"

"வண்டியில சரக்கோட இருந்தேன், மேடம்."

அவனும் யூரோ அட்டையை நீட்டினான். கருவி கேட்டு முடிக்குமுன் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, கைபேசியில் கழிந்த தொகையைப் பார்த்து முகம் சுளித்தான். "இந்த ஊர்ல எல்லாமே ஆனை விலை!"

2.30. அட்ராக்டா எல்லோரையும் தேநீர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரொக்கம் பவுண்டு. பவுண்டுப் பை நிறையப் பவுண்டு. அப்புறம் ஏன் யூரோ போச்சு? இது யூரோ நாட்டு அட்டை. போட்டதும் மிஷின் கேக்கும், உங்க நாட்டுக் காசுல கழிச்சுக்கட்டுமான்னு. வேண்டாம்னா பவுண்டுப் பையிலருந்து கூலியில்லாமப் போயிருக்கும். சரின்னா யூரோப் பையிலருந்து போகும், மிஷின் வெச்சதுதான் விலை. அதுல மட்டும் அறுபத்துநாலு யூரோ தண்டம்."

"அதனால?" என்றார் லாக்ரன்.

"எல்லைக்காரி கொலையே பண்ணினாலும் அந்தப் பொத்தானைத் தொடமாட்டா, முதலாளி. நூலா எடுத்திருந்தா சிக்கனமா எடுத்திருப்பா. ஃபின்டன் ஒரு ரொட்டிக்கே மிஷினோட சண்டை போடுறான். 'சரி'ன்னு தட்டுற ஆள் இங்க ஒருத்தன்தான். ஊர்ல எல்லாம் ஆனை விலைன்னு அழுறானே, அதுக்கும் அதான் காரணம். தம்பி கில்லியன், திங்கக்கிழமை மிஷின் கேமரா படம் வந்துடும். அதுக்குள்ள நீயே சொல்லிடு."

கில்லியனின் காது சிவந்தது. "வாடகைக்கு... சம்பளம் வந்ததும் வெச்சிடலாம்னுதான்..." என்று முனகினான். லாக்ரன் அவனை அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் போலீசுக்குச் சொன்னார்.

ஃபின்டன் தலையைச் சொறிந்தான். "நூலா, காலைல என் வாய் கொஞ்சம் நீண்டுடுச்சு. என்னை ரெண்டு திட்டேன்."

"திட்டக்கூடத் தெம்பில்ல, போடா."

திரும்பி வந்த லாக்ரன் தொப்பியைக் கழற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நூலா அவரைப் பார்க்கவில்லை. அட்ராக்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நெஞ்சு நிறைய நன்றி இருந்தது.

"நீங்க இல்லைன்னா இன்னிக்கு நான் இந்த வாசலைத் தாண்டித் திருடியாப் போயிருப்பேன்க்கா. உயிருள்ள வரைக்கும் மறக்கமாட்டேன்."

"அதான் இல்லைன்னு ஆயிடுச்சே. மூஞ்சியக் கழுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படு."

நூலா மேலங்கி நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"போகலக்கா. கல்யாணக் கேக்குல ரெண்டு அடுக்கு பாக்கி இருக்கு."